குளக்கட்டை நம்பி மோட்டார் இல்லாத கிளைடரைப் பறக்கவிடலாமா? வன்னியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி (மல்லாவியிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம். துணுக்காய், மல்லாவிப் பக்கத்தில் வசிக்கும் நான், கடந்த இரண்டு ஆண்டுகளாக ரேடியோ கட்டுப்பாட்டில் இயங்கும் சிறிய விமானங்களைக் கையால் செய்து பறக்கவிட்டு வருகிறேன். மோட்டார் பூட்டிய நுரை விமானங்களைச் சேதமில்லாமல் ஏற்றி இறக்கும் அளவுக்குப் பழகிவிட்டேன். ஆனால் மோட்டாரே இல்லாத கிளைடரை, சரிவில் மோதி மேலெழும் காற்றில் மட்டும் நிறுத்திப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது கேள்வியே அல்ல. எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. நிலம் முழுவதும் வயலும் காடும் குளமுந்தான். உயரமான சரிவு என்று சொல்ல எங்களிடம் இருப்பவை குளக்கட்டுகள் மட்டுமே.

எங்கள் ஊர்க் குளத்தின் கட்டு, வயல் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 7 மீற்றர் உயரம் இருக்கும். நீர்ப் பக்கம் முழுவதும் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கட்டின் பெரும்பகுதி கிழக்கு மேற்காக ஓடுகிறது; தெற்கே நீர், வடக்கே வயல். சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் கட்டின் மேல் நின்றால் தலையில் தொப்பி நில்லாது.

சென்ற ஆடி மாதம் அங்கே ஒரு முயற்சி செய்தேன். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரையைச் சூட்டுக் கம்பியால் வெட்டி, மேலே பழுப்புக் கடதாசியை வெள்ளைப் பசையால் ஒட்டி, 1.2 மீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள, வாலில்லாத நேர்ச் சிறகு ஒன்றைச் செய்திருந்தேன். பின்விளிம்புப் பலகைகளை அசைக்கும் இரண்டு சர்வோ, ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவர், பற்றரி எல்லாம் சேர்த்து 410 கிராம். கட்டின் மேலிருந்து நீர்ப் பக்கம் நோக்கிக் கையால் எறிந்தேன். முதல் ஓட்டத்தில் நூறு மீற்றர் தூரம் வரை என் தலை உயரத்திலேயே அது நின்றது. அந்தச் சில விநாடிகள் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. திருப்பிக் கொண்டுவரும்போது மெல்லத் தாழ்ந்தது. தாழ்கிறதே என்று மூக்கைத் தூக்கினேன். வேகம் குறைந்து, பின்னோக்கி மிதந்து, கட்டைத் தாண்டி வயல் பக்கம் போனது. போன அடுத்த கணமே, யாரோ கையால் அறைந்தது போல் நேரே கீழே விழுந்தது. மூக்கு நசுங்கியது, ஒரு சர்வோவின் பற்சக்கரம் உடைந்தது.

நான் அறிய விரும்புவது இதுதான். 7 மீற்றர் கட்டு இதற்குப் போதுமா, அல்லது நடவாத காரியத்துக்கு நான் நேரத்தைச் செலவிடுகிறேனா? கிளைடரின் கனம் கூடிவிட்டதா? வயல் பக்கம் அது அப்படி விழுந்ததற்குக் காரணம் என்ன? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி (வவுனியாவிலிருந்து)

தம்பி, உங்கள் விவரிப்பு தெளிவாக இருப்பதால் பதில் சொல்வது இலகுவாகிறது. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: 7 மீற்றர் கட்டு போதும். ஆனால் அங்கே கிடைக்கும் எழுகாற்று ஒரு மெல்லிய பட்டை மட்டுமே. மலைச்சரிவில் கிளைடர் நூறு மீற்றர் முன்னே போனாலும் காற்று அதைத் தாங்கும். கட்டில் அப்படியல்ல. கட்டின் உயரமளவு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக மேலேயும், விளிம்பிலிருந்து சில மீற்றர் முன்னேயும் உள்ள ஒரு குறுகிய இடத்துக்குள்தான் முழுப் பறப்பும் நடக்க வேண்டும். இந்தப் பட்டையை விட்டு வெளியேறாமல் பழகுவதுதான் கட்டுப் பறப்பின் முழு வித்தை.

கனம் உங்கள் குற்றமில்லை. 1.2 மீற்றரை 20 சென்ரிமீற்றரால் பெருக்கினால் 24 சதுர டெசிமீற்றர். 410 கிராமை அதனால் வகுத்தால் ஒரு சதுர டெசிமீற்றருக்கு 17 கிராம். கட்டுக்கு இது ஏற்ற அளவே. இவ்வளவு பாரமுள்ள சிறகு விநாடிக்கு 7 அல்லது 8 மீற்றர் வேகத்தில் நன்றாகப் பறக்கும். காற்றே இல்லாத இடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய முக்கால் மீற்றர் வீதம் இறங்கும். ஆகவே காற்று உங்களுக்குத் தரவேண்டியது விநாடிக்கு முக்கால் மீற்றர் மேல்நோக்கிய ஓட்டம் மட்டுமே. நீர்ப் பக்கச் சரிவு ஒரு மீற்றர் உயரத்துக்கு இரண்டு மீற்றர் கிடை என்ற வீதத்தில் இருந்தால், விநாடிக்கு 6 மீற்றர் காற்று நேராக மோதும்போது, விளிம்புக்கு அருகே இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

"நேராக மோதும்போது" என்று எழுதியதைக் கவனியுங்கள். உங்கள் கட்டு கிழக்கு மேற்காக ஓடுகிறது என்கிறீர்கள். சோழகம் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவது. அதாவது காற்று கட்டை 45 பாகை சரிவாகத் தொடுகிறது. அப்போது கட்டுக்குக் குறுக்கே பாயும் பங்கு 71 வீதம் மட்டுமே. இன்னொரு பங்கு கட்டின் நீளத்தோடு வீணாக ஓடிவிடுகிறது. நேர்க்குறுக்கிலிருந்து காற்று விலகுவது 30 பாகையானால் 87 வீதம் கிடைக்கும். 60 பாகையானால் பாதிதான். ஆகவே கட்டு முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கள் குளக்கட்டுகள் எதுவுமே நேர்கோட்டில் ஓடுவதில்லை. பழைய ஆற்றின் போக்கையும் மேட்டுநிலத்தையும் அனுசரித்து வளைந்து வளைந்தே போகும். அந்த வளைவுகளில் ஏதோ ஓரிடம் தென்மேற்கை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். அது 150 மீற்றர் நீளம் இருந்தால் போதும். உங்கள் பறப்புத் தளம் அதுதான். அந்த இடத்துக்கு முன்னால் அலைகரையில் மரங்கள் இருந்தால் வேறிடம் தேடுங்கள். திறந்த நீரின் மேல் வழுவழுப்பாக வரும் காற்றை ஒரே ஒரு மருதமரம்கூடக் கலக்கிவிடும்.

இனி, விழுந்த காரணம். இரண்டு காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன. தாழ்கிறது என்று மூக்கைத் தூக்கியபோது கிளைடரின் வேகம் விநாடிக்கு 6 மீற்றராகக் குறைந்திருக்கும். எதிர்க்காற்று 7 மீற்றர் வீசியிருந்தால், நிலத்தைப் பொறுத்தவரை அது விநாடிக்கு 1 மீற்றர் பின்னோக்கிப் போகும். நீங்கள் "பின்னோக்கி மிதந்து" என்று எழுதியது இதைத்தான். தாழும்போது செய்ய வேண்டியது நேர்மாறானது: மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, நீர்ப் பக்கம் முன்னேறி, எழுகாற்றுப் பட்டைக்குள் மறுபடி நுழைய வேண்டும். கைக்கு இது பழக நாளாகும், ஏனென்றால் மனம் எப்போதும் மேலே இழுக்கவே சொல்லும்.

இரண்டாவது, கட்டின் பின்பக்கக் காற்றுச் சுழி. வான் பாயும் காலத்தில் நீர் கல்லணையைத் தாண்டி விழுந்தவுடன், அடிவாரத்தில் திரும்பிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றும் அப்படியே. விளிம்பைத் தாண்டியதும் சரிவோடு ஒட்டி இறங்காமல் பிரிந்து, கீழே உருண்டு, கட்டை நோக்கியே திரும்பி வரும். உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தூரம்வரை, அதாவது உங்கள் கட்டுக்குப் பின்னால் 40 மீற்றர்வரை இந்தச் சுழி இருக்கலாம். முன்னிருந்து காற்று வருகிறது என்ற நிலையில் பறந்துகொண்டிருந்த சிறகு, திடீரென்று பின்னிருந்து காற்று வரும் இடத்துக்குள் நுழைந்தால், தாங்குவதற்கு எதுவும் இராது. யாரோ அறைந்தது போல் என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான வர்ணனை.

கண்ணுக்குத் தெரியாத இதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. பழைய சேலையிலிருந்து விரல் அகலத்தில், முழ நீளத்தில் ஆறேழு துண்டுகளைக் கிழித்து, ஆளுயரத் தடிகளின் நுனியில் கட்டுங்கள். ஒன்றை நீரோரத்தில், ஒன்றைக் கற்சரிவின் நடுவில், ஒன்றைக் கட்டின் முன்விளிம்பில், ஒன்றைப் பின்விளிம்பில், ஒன்றை வயல் பக்க அடிவாரத்தில், இன்னும் இரண்டை வயலுக்குள் தள்ளி நட்டு, அரைமணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். அன்றைக்குக் கிளைடரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இன்னொன்றையும் அளந்து சொல்லுங்கள்: சிறகின் முன்விளிம்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் கிளைடர் சமநிலையாக நிற்கிறது?


மறுமொழி (கிளிநொச்சியிலிருந்து)

மேலே எழுதிய அண்ணை பறப்பைப் பற்றி எழுதியவற்றை நான் திருத்தத் தேவையில்லை. இடத்தைப் பற்றி மட்டும் சில விடயங்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு யாரேனும் உடனே இரணைமடுவை நினைப்பார்கள். நினைப்பது இயல்புதான். 1902இல் கட்டத் தொடங்கிய அந்தக் குளம் வடமாகாணத்திலேயே பெரியது. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் கட்டு வடக்கேயும் நீர் தெற்கேயும் அமைந்திருக்கின்றன. சோழகத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. ஆயினும் அங்கே பறக்கவிடக் கூடாது. விமானப்படையின் ஓடுபாதையும் முகாமும் இரணைமடுவிலேயே உள்ளன. மோட்டார் இல்லை, கமரா இல்லை என்ற விளக்கமெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்குத் தெரியாது. வவுனியாவிலும் விமானப்படைத் தளம் உண்டு என்பதை அந்தப் பக்கத்தார் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லாமல் பறக்கும் எதற்கும் நாடு முழுவதும் தடை போடப்பட்டிருந்தது. ஆகவே எந்த இடமானாலும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் நடப்பிலுள்ள விதிகளை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கிராம அலுவலருக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கட்டு யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடமும் கேட்க வேண்டும். பெரிய குளமானால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய குளமானால் கமநல சேவை நிலையம். எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊரில் அனுமதி என்பது அங்கேதான் தொடங்குகிறது.

கிளைடர் எங்கேனும் போய் விழுந்தால், எடுக்கப் போகும் பாதையைப் பற்றியும் யோசித்து வையுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதியாகத் தெரிந்த, மக்கள் நாளாந்தம் நடக்கும், மாடு மேயும் நிலத்துக்குள் மட்டுமே கால் வையுங்கள். எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லைக்கு அப்பால் விழுந்தது விழுந்ததுதான். நானூறு கிராம் நுரைக்காக அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. குளத்துக்குள் விழுந்தாலும் நீந்திப் போக வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு. காற்று நீரிலிருந்து கட்டை நோக்கி வீசுவதால், மிதக்கும் கிளைடர் அரைமணி நேரத்தில் தானாகவே கற்களோரம் வந்து சேரும். பொறுத்திருந்தால் போதும். வெயில் காலத்தில் மாலை சாயும்போது யானைகள் நீருக்கு இறங்கும் குளமானால், ஐந்து மணிக்கே சாமான்களைக் கட்டிவிடுங்கள்.


மறுமொழி (ஜேர்மனியிலிருந்து)

மாங்குளத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஜேர்மனியின் ஹெசன் மாநிலத்தில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கிளைடர் பறக்கவிடுவதே என் ஓய்வு. இங்கிருந்து வாசர்குப்பே மலை அதிக தூரமில்லை. 950 மீற்றர் உயரமுள்ள அந்த மலையில்தான் 1920இல் கிளைடர் போட்டிகள் தொடங்கின. மனிதர் ஏறிப் பறக்கும் கிளைடர்களும் எங்களைப் போன்றவர்களின் சிறிய கிளைடர்களும் இன்றும் அங்கே பறக்கின்றன. குளக்கட்டில் பறக்கவிட ஒருவர் முயல்கிறார் என்று வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிறு வயதில் அந்தக் கட்டுகளில் நின்று, செம்பருந்து சிறகை அசைக்காமல் ஒரே இடத்தில் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது எப்படி நிற்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை. விடை தெரிந்தபோது நான் கட்டிலிருந்து வெகு தூரத்தில் இருந்தேன்.

உயரம் குறைவு என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கிளைடர் பறப்பின் முன்னோடியான ஓட்டோ லிலியந்தால் 1894இல் பேர்லினுக்கு அருகே லிக்டர்பெல்டவில் தம் பறப்புப் பயிற்சிக்காக மண்ணைக் குவித்து எழுப்பிய செயற்கைக் குன்றின் உயரம் 15 மீற்றர் மட்டுமே. அந்தக் குன்றைக் கூம்பாகக் கட்டியதன் காரணம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்கொண்டு ஓடி இறங்க வேண்டும் என்பதே. உங்கள் கட்டுக்கு அந்த வசதி இல்லை; ஒரு திசைக் காற்றுக்கே அது உதவும். ஆனால் சோழகம் மாதக்கணக்கில் ஒரே திசையிலிருந்து வீசுவது, மலையுள்ள இங்கே எங்களுக்குக் கிடைக்காத கொடை. இங்கே காற்றின் திசை நாளுக்கு நாள் மாறும்; எந்தச் சரிவுக்குப் போவது என்று காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். மன்னார் தீவில் 2020இல் தம்பபவனி காற்றாலையை நிறுவி 30 விசிறிகளைச் சுழலவிட்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பக்கத்துக் காற்றின் நம்பகத்தை உணர்ந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். இணையத்தில் காணும் கண்ணாடி இழைப் பந்தயக் கிளைடர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டாம். நூறு மீற்றர் ஓட்டத்தைப் பத்துமுறை ஓடி நேரம் கணிக்கும் பந்தயங்களுக்கென்று செய்யப்பட்ட அவை இரண்டு கிலோவுக்கு மேல் கனம் உள்ளவை. உயர்ந்த சரிவும் பலத்த காற்றும் உள்ள இடத்துக்கே அவை பொருந்தும். உங்கள் கட்டில் அவை முதல் திருப்பத்திலேயே கல்லில் மோதும். யாரிடமேனும் கேட்டு எடுப்பிப்பதானால், ஈபிபி என்று அழைக்கப்படும் நுரையை எடுப்பியுங்கள். ரெஜிபோம் மோதினால் உடையும். இது நசுங்கி மறுபடி நிமிரும். கற்கள் பதித்த கட்டில் பழகுகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கையால் சுழற்றி எறியும் ஒன்றரை மீற்றர்க் கிளைடர்களும் உண்டு. 250 கிராம் அளவே கனமான அவை மெல்லிய காற்றிலும் கட்டில் நிற்கும். ஆனால் விலை அதிகம், கல்லில் பட்டால் பிழைக்காது. முதல் ஆண்டு உங்கள் சொந்தச் சிறகே போதும்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று எண்ணியதே.

கட்டின் மேற்கு அந்தத்தில், துருசை (நீர் திறக்கும் மதகை) தாண்டி ஏறக்குறைய 200 மீற்றர் தூரம், கட்டு வடமேற்காக வளைகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த வழியில் சைக்கிளில் போய்வந்தும் அந்த வளைவை நான் கவனித்ததில்லை. அங்கே நின்று முகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, காற்று இரண்டு காதிலும் ஒரே அளவாக இரைந்தது. முன்னால் மரமில்லை, திறந்த நீர்தான்.

அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஏழு தடிகளை நட்டேன். நீரோரத் துண்டு கட்டை நோக்கிக் கிடையாக நின்றது. கற்சரிவின் நடுவில் இருந்தது சரிவோடு ஒட்டி மேல்நோக்கி நின்றது. முன்விளிம்பில் இருந்ததைப் பார்த்து நான் அசந்து போனேன்: வானத்தைச் சுட்டுவது போல் சாய்வாக மேலே விறைத்து நின்று, நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பாகம் (ஏறக்குறைய நாலு மீற்றர்) பின்னால், பின்விளிம்பில் இருந்த துண்டு கிடையாக அடித்தது. வயல் பக்க அடிவாரத்தில் இருந்ததோ, எல்லாத் துண்டுகளுக்கும் எதிராகக் கட்டையே நோக்கி ஆடியது. 20 மீற்றர் தள்ளி நட்டது ஒரு திசையிலும் நில்லாமல் சுற்றிச் சுற்றித் தடியில் தானே சிக்கிக்கொண்டது. 60 மீற்றர் தள்ளி நட்டது மறுபடி ஒழுங்காக வடகிழக்கை நோக்கி நின்றது. என் கிளைடர் விழுந்த இடம் அந்த 20 மீற்றர்த் தடிக்குப் பக்கத்தில்தான். மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் இதென்ன நேர்த்தியா என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும், அடிவாரத்துத் துண்டு ஏன் திரும்பி ஆடுகிறது என்று அவரும் குந்தியிருந்து கால்மணி நேரம் பார்த்தார்.

சமநிலைப் புள்ளியை அளந்தேன். முன்விளிம்பிலிருந்து 5.5 சென்ரிமீற்றரில் நிற்கிறது. இது சரிதானா? கமக்காரர் அமைப்பில் சொல்லிவிட்டேன். கட்டின் மேல் சனம் போகும்போது இறக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். கடிதங்களும் கொடுத்தாயிற்று. அதிகாரசபைக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வந்த பிறகே பறக்கவிடுவேன்.


மறுமொழி (வவுனியாவிலிருந்து)

உங்கள் சேலைத் துண்டுகள் நான் எழுதியதைவிடத் தெளிவாக எழுதிவிட்டன.

சமநிலைப் புள்ளி சரியில்லை. மிகவும் பின்னால் இருக்கிறது. வாலுள்ள விமானத்துக்கு 5.5 பொருந்தியிருக்கும். வாலில்லாத நேர்ச் சிறகில் அது சிறகின் அகலத்தில் 15 முதல் 20 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 3 முதல் 4 சென்ரிமீற்றர். உங்களுடையது 27.5 வீதத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட சிறகு மூக்கைச் சற்றே தூக்கினாலும் மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போகும். அன்றைக்கு வேகம் அவ்வளவு சடுதியாகக் குறைந்ததன் காரணம் உங்கள் கை மட்டுமல்ல. பற்றரியை மூக்கின் நுனிவரை தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால், வீச்சு வலையின் ஓரத்தில் கோப்பார்களே, அந்த ஈயக் குண்டுகளை மூக்குக்குள் பதியுங்கள். 3.5இல் நிற்கும்வரை கூட்டுங்கள். பின்விளிம்பு அசையும் பலகைகள் இரண்டையும் நடுநிலையில் 2 மில்லிமீற்றர் மேலே உயர்த்தி வையுங்கள். வாலில்லாச் சிறகு அதில்லாமல் மூக்கைக் குத்தும்.

பறக்கும்போது திருப்பங்கள் எல்லாம் நீர்ப் பக்கமாகவே இருக்கட்டும். வலப்புறம் போய் முடிந்ததும் நீரை நோக்கித் திரும்பி இடப்புறம் வாருங்கள். இடப்புற முடிவிலும் நீரை நோக்கியே திரும்புங்கள். மேலிருந்து பார்த்தால் படுத்த எட்டுப் போல் இருக்கும். ஒருதடவைகூடக் கட்டை நோக்கித் திருப்ப வேண்டாம், ஏனென்றால் திரும்பி முடிவதற்குள் பின்காற்று உங்களை அந்த 20 மீற்றர்த் தடிக்குக் கொண்டுபோய்விடும். நேராக ஓடும்போதும் மூக்கு சற்று நீர்ப் பக்கம் பார்த்தபடியே இருக்க வேண்டும். தோணிக்காரர் நீரோட்டத்துக்கு எதிரே தோணியின் முன்முனையைச் சாய்த்துக் குறுக்கே போவதைப் போல.

இறக்கம்தான் கட்டில் கடினமானது. கட்டின் மேல் இறக்க முயல வேண்டாம். ஆவணியில் நீர் வற்றத் தொடங்கியதும் கற்களுக்குக் கீழே புல் முளைத்த ஒரு பட்டை நிலம் வெளிப்படும். அதுவரை பொறுக்க முடிந்தால், எழுகாற்றுப் பட்டையிலிருந்து முன்னால் நீர்ப் பக்கம் போய், தாழ்ந்து, கற்சரிவுக்குக் கீழே காற்றை எதிர்த்து அந்தப் புல்லில் வைத்துவிடலாம். நீர் இறங்க இறங்கக் கட்டின் முன்முகம் உயர்ந்துகொண்டே போகும் என்பதால் எழுகாற்றும் கூடும். குளம் நிறைந்திருக்கும் மார்கழி, தையில் வாடை (வடகிழக்குக் காற்று) வயல் பக்கத்தில் மோதும். அப்போது வயலில் காலபோக நெல் நிற்பதால் அந்தப் பக்கம் பறக்கவிடுவது முறையல்ல.

ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பற்றரியின் வோல்ற்றை அளந்து பாருங்கள். தொடர்பு அறுந்தால் பலகைகள் இரண்டும் மேலே உயர்ந்து நிற்குமாறு ரிசீவரில் அமைத்து வையுங்கள்; அப்போது கிளைடர் தூரம் போகாமல் பக்கத்திலேயே இறங்கும்.


கேள்வி கேட்டவர்

அதிகாரசபையின் பதில் கிடைத்த பிறகு, நேற்று மாலை நான்கு மணிக்குப் போனேன். நீர் கற்களுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது. புல்பட்டை எட்டு மீற்றர் அகலம் இருக்கும். மூக்கில் ஐந்து ஈயக் குண்டு, கனம் 435 கிராம், சமநிலை 3.5இல். தம்பி கட்டின் துருசுப் பக்கம் நின்று, யாரேனும் வந்தால் கையைத் தூக்குவதாக ஏற்பாடு.

முதல் எறிதலில் சறுக்கிக்கொண்டு புல்லில் இறங்கிவிட்டது. எறிந்த திசை சரியில்லை. இரண்டாவதில் முன்விளிம்புச் சேலைத் துண்டுக்கு நேரே எறிந்தேன். இரண்டு விநாடி தாழ்ந்து, பிறகு கீழிருந்து யாரோ உள்ளங்கையில் ஏந்தியது போல் எழும்பியது. மூக்கைத் தூக்கவே இல்லை. நீர்ப் பக்கம் சாய்த்து, வளைவின் நீளத்துக்கு ஓடவிட்டு, நீரை நோக்கித் திருப்பி, மறுபடி ஓடவிட்டேன். தாழ்ந்த போதெல்லாம் மூக்கைக் குத்தி முன்னே போனேன். ஒவ்வொரு தடவையும் காற்று மறுபடி ஏந்தியது. கட்டுக்கு மேலே ஆறேழு மீற்றரைத் தாண்டிப் போகவில்லை. அந்தப் பட்டையின் மேல்விளிம்பு அங்கேதான் இருக்கிறது என்பதைக் கையிலேயே உணர முடிந்தது: அதற்கு மேல் சிறகு நடுங்குவதை நிறுத்தி மெல்லத் தாழத் தொடங்கும்.

ஒன்பதாம் நிமிடத்தில் செம்பருந்து ஒன்று வந்து, என் கிளைடருக்கு இரண்டு பாகம் மேலே, அதே வளைவில், காற்றை எதிர்த்து நின்றது. தலையை மட்டும் திருப்பிக் கீழே பார்த்தது. பிறகு அதன் பாட்டில் போய்விட்டது. பதினோராம் நிமிடம் தம்பி கையைத் தூக்கினான். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னே போய்த் தாழ்த்திப் புல்லில் வைத்தேன். சிறகில் கீறல்கூட இல்லை.

ஜேர்மனி அண்ணைக்கு: அந்தச் செம்பருந்து நின்ற இடத்தைத் தடி நட்டு அடையாளம் செய்துவிட்டேன். அடுத்த தடவை அங்கிருந்துதான் எறியப் போகிறேன்.